கீழ் இழுப்பறை

என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டு அவள் பதில் சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம், "அதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்பார்கள். தருகிறார்கள். பழைய கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களைக் கண் தெரியாதவர்களும் ரசிக்க வேண்டும் என்று ஒரு தொலைக்காட்சி நிறுவனத்துக்குத் தோன்றியது. திரையில் நடப்பதை ஒரு குரல் சொல்ல வேண்டும், அந்தக் குரல் இவளுடையது. படத்தில் இருப்பவர்கள் பேசும்போது இவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர்கள் சும்மா இருக்கும் இடைவெளியில் நுழைந்து, "தொப்பிக்காரர் தீக்குச்சியைக் கிழிக்கிறார். மாடிப்படியில் ஒரு நிழல்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

அந்தப் படங்களில் இடைவெளிக்குக் குறைவே இல்லை. பாதிப் படம் யாரும் பேச மாட்டார்கள். மழை பெய்யும், தெரு ஈரமாகப் பளபளக்கும், ஜன்னல் பட்டைகளின் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். கசங்கிய மழைக்கோட்டோடு ஒரு தனியார் துப்பறிவாளர் மேசைமேல் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கதவைத் தட்டிக்கொண்டு ஓர் அழகான பெண் வருவாள். பாவம் போலப் பேசுவாள், கைப்பையில் துப்பாக்கி வைத்திருப்பாள். நல்லவர் என்று நாம் நம்பிய ஆள்தான் கடைசியில் கழுத்தை அறுப்பார். நாள் முழுக்க இதையே பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறவளுக்கு, பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கடன் கேட்டால்கூட 'எதுக்கு?' என்றுதானே தோன்றும்?

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவள் குரலைப் பதிவு செய்கிறவருக்குக் கத்தரி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் பொருத்தம். ஒரு சொல் கூடுதலாக இருந்தால் வெட்டாமல் விடமாட்டார். ஒரு நாள் அவள், "அவள் கள்ளத்தனமாகப் பையைத் திறக்கிறாள்" என்று படித்தாள். உடனே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை உயர்ந்தது.

"கள்ளத்தனமா எதுக்கு?"

"கள்ளத்தனமாத்தானே சார் திறக்கறா?"

"அது உங்களுக்குத் தோணுது. படத்துல பை திறக்குது, கை உள்ள போகுது. அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லுங்க, கேட்கிறவங்க தீர்ப்பை எழுதிக்கட்டும்."

சரி சார் என்று அந்தச் சொல்லை அடித்துவிட்டுப் படித்தாள். மனிதர் ரொம்பத்தான் அலட்டுகிறார் என்று உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டாள்.

வீட்டில் அவளுக்கு ஒரு ரசிகர் இருந்தார், மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த காலத்தில் வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் தெரிந்தால் வாசலைத் தாண்டமாட்டாராம். மனைவி போன மறு வருஷமே கண்பார்வையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஆனால் மனிதர் அசரவில்லை. கண் போனால் என்ன, காது இருக்கிறதே என்று தொலைக்காட்சியின் முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். துப்பறியும் படம் என்றால் அவருக்கு உயிர். கொலை விழுந்த அடுத்த நிமிஷமே, "அந்த டாக்டர்தான். குரல்ல எண்ணெய் வழியுது பாரு" என்று கண்டுபிடித்துவிடுவார். பெரும்பாலும் தப்பாகவே கண்டுபிடிப்பார்.

படத்தின் நடுவே விளம்பரம் வந்தால், "சின்னவளே, வீட்டுப் படம் ஓட்டு" என்பார். அது அந்தக் குடும்பத்துக்கே உரிய விளையாட்டு. கூடத்தில் யார் யார் என்ன செய்கிறார்கள் என்று அவள் தன் படக்குரலில் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு தெரு தள்ளியிருந்து மூத்த மகனும் மருமகளும் வந்துவிடுவார்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாமனார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவார். "எனக்குக் கண்ணு போகல, அது சின்னவகிட்ட இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். அந்தப் பேச்சு அவளுக்கு எவ்வளவு இனித்தது என்பதை அவள் ஒருநாளும் வெளியே காட்டிக்கொண்டதில்லை.

பெரியவள், அதாவது மூத்த மருமகள், வேறு மாதிரி. வளவளவென்று பேசமாட்டாள். சின்னவள் வேலைக்குப் போகும் நாட்களில் வந்து மாமனாரோடு இருப்பாள். சோறு போட்டுக் கொடுப்பாள், அறையைப் பெருக்குவாள், சாயங்காலம் சின்னவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தன் செருப்பை மாட்டிக்கொள்வாள். "இருங்கக்கா, டீ குடிச்சுட்டுப் போங்க" என்றால், "இன்னொரு நாள் பார்க்கலாம்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கிவிடுவாள். தோளில் எப்போதும் ஒரு பழுப்புத் துணிப்பை. அதைக் கீழே வைத்தாலும் காலோடு ஒட்டித்தான் வைப்பாள்.

ஒரு வாரம் மாமனார், "உன் அத்தையோட கடிகாரத்தைக் காணோம்மா" என்றார். செத்துப்போன மனைவியின் கைக்கடிகாரம் அது. தினமும் காலையில் சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்பார். அவருடைய அலமாரியின் மேல் இழுப்பறையில்தான் இருக்கும். சின்னவள் மேலோட்டமாகத் தேடினாள், கிடைக்கவில்லை. மறுநாளே வேலை சீக்கிரம் முடிந்து மத்தியானமே வீடு திரும்பினாள். மாமனார் பால்கனியில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பெரியவள் அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்து, கீழ் இழுப்பறையிலிருந்து எதையோ எடுத்துப் பழுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். திணித்துவிட்டுப் பால்கனிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

சின்னவள் சத்தமில்லாமல் வாசலுக்குப் போய், இப்போதுதான் வருகிறவள் போல மணியடித்தாள். அடிக்கும்போதே அவளுக்குள் ஏதோ ஒன்று குஷியாகத் துள்ளியது. அந்தக் குஷியைத்தான் பிற்பாடு நினைத்து நினைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

கணவனிடம் சொன்னாள். "உனக்கு வேற வேலையே இல்லையா? அண்ணியைப் போய்! அவங்க எடுக்கணும்னா கேட்டே எடுத்துக்குவாங்க" என்று அவன் போர்வையை இழுத்துக்கொண்டான். படங்களில் துப்பறிவாளர் சொல்வதையும் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். அதனால் அவளுக்கு இன்னும் பிடிவாதம் ஏறியது. பெரியவள் ஏன் டீ குடிக்காமல் ஓடுகிறாள்? ஏன் பையைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்கிறாள்? ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தால் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. நேராகப் போய், "என்னக்கா எடுத்தீங்க?" என்று கேட்டிருக்கலாம். ஒரு வாய் வார்த்தை. அது மட்டும் அந்த மகராசிக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சின்னவள் கடைக்குப் போய்விட்டு வருவதற்குள் பெரியவளும் அவள் கணவனும் வந்திருந்தார்கள். "மாமா அறையைக் கொஞ்சம் ஒழுங்கு பண்ணினேன்" என்று சொல்லிக்கொண்டு பெரியவள் உள்ளேயிருந்து வந்தாள். தோளில் பை உப்பியிருந்தது. சின்னவள் அதைக் கண்ணால் அளந்தாள்.

படம் ஓடியது. நல்ல படம். துப்பறிவாளர் எல்லோரையும் ஓர் அறையில் கூட்டி வைத்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டப்போகிற கட்டத்தில் விளம்பரம் வந்து தொலைத்தது. மாமனார் தொடையில் தட்டி, "ஓட்டும்மா வீட்டுப் படத்தை!" என்றார்.

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மூத்த மகன் சோபாவில் சாய்ந்திருக்கிறார். அவருடைய வயிறு அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். மூத்தவர் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"இளைய மகன் தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டை எடுக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு."

"அடப்பாவி, எனக்கு வச்சிருந்ததுடா அது!" என்றார் மாமனார், குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டு.

"ஜன்னலோரம் ஒரு பெண். காலுக்கடியில் பழுப்புப் பை." அவள் குரல் தாழ்ந்தது. படத்தில் முக்கியமான கட்டங்களுக்கு அப்படித்தான் தாழ்த்துவாள். "சில நாட்களுக்கு முன்பு, ஒரு மத்தியானம். அதே பெண், மாமனாரின் அலமாரி முன்னால். கீழ் இழுப்பறையைத் திறக்கிறாள். திருட்டுத்தனமாகப் பால்கனிப் பக்கம் பார்க்கிறாள். எதையோ எடுத்துப் பைக்குள் ஒளிக்கிறாள். அதே வாரம் அந்த அலமாரியிலிருந்து ஒரு கைக்கடிகாரம் காணாமல் போகிறது."

சிரிப்பு நின்றுபோனது. மாமனார் முகத்திலிருந்த சிரிப்பு மட்டும் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"போதும்மா" என்றார். "கடிகாரம் எங்கயாவது கிடக்கும். படத்தைப் போடு."

பெரியவளை அவர் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அவள் நினைத்தாள். அந்த இடத்திலாவது நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினாளா? "நான் பார்த்ததைத்தான் சொன்னேன் மாமா" என்றாள்.

மூத்தவர் முன்கோபி. எழுந்துவிட்டார். "என்னடி எடுத்தே அப்பா அறையிலிருந்து?"

"ஒண்ணும் எடுக்கல."

"அப்ப பையைக் காட்டு."

"வேணாங்க." பெரியவள் பையை மடியில் தூக்கி வைத்து இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டாள். "என்ன வேணா நெனச்சுக்குங்க. பையைத் தொடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"டேய், விடுடா அவளை!" மாமனார் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எழப் பார்த்தார். "நான்தான் சொல்றேன்ல, விடுடா!"

மூத்தவர் பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். ஒரு பணப்பை விழுந்தது. வீட்டுச் சாவி விழுந்தது. முடிச்சு அவிழ்ந்த ஒரு பிளாஸ்டிக் உறை விழுந்து, அதிலிருந்து மாமனாரின் வெள்ளைப் பைஜாமாக்கள் இரண்டு சரிந்தன. இரண்டும் நனைந்து காய்ந்து மஞ்சள் பூத்திருந்தன, ஒன்றில் அதைவிட மோசமான கறையும் இருந்தது. நாற்றம் மெதுவாகக் கூடம் முழுக்கப் பரவியது.

சின்னவளுக்கு அந்த நொடியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. கிழவருக்குச் சில நாட்களில் குளியலறைக்கு நேரத்தோடு போய்ச்சேர முடியவில்லை. சொல்ல வெட்கப்பட்டு, கழற்றிய துணியைக் கீழ் இழுப்பறையின் அடியில் திணித்து வைத்திருக்கிறார். அறையைப் பெருக்கும்போது பெரியவள் கண்டுபிடித்து, யாரிடமும் மூச்சு விடாமல் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்த் துவைத்துத் தேய்த்துத் திரும்ப அடுக்கி வைத்திருக்கிறாள். டீ குடிக்காமல் ஓடியது அதற்குத்தான். இந்த வீட்டுத் துணியை வாராவாரம் இயந்திரத்தில் போடுகிறவள் சின்னவள். மாமனாரின் பைஜாமாக்கள் ஏன் குறைவாக வருகின்றன என்று இந்தப் பெரிய துப்பறிவாளி ஒருநாளாவது யோசித்தாளா? இல்லை.

மூத்தவர் காலிப் பையைக் கையில் பிடித்தபடி நின்றார். சின்னவளின் கணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மாமனாரின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திரும்பியது. படத்தில் பேச்சு நின்று, அவள் குரலும் வரத் தாமதமானால் அவர் அப்படித்தான் தலையைத் திருப்புவார்.

"சின்னவளே" என்றார். குரல் எழும்பவே இல்லை. "பையைத் திறந்துட்டானா?"

வருஷக்கணக்காக இடைவெளிகளை நிரப்பிச் சம்பாதித்தவள் அவள். அந்த இடைவெளியில் அவளுக்கு ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்று இருந்தது. பெரியவள் தரையில் மண்டியிட்டுத் துணிகளை உறைக்குள் அள்ளிக்கொண்டே அவளை நிமிர்ந்து பார்த்தாள். இல்லையென்று சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"இல்ல மாமா" என்றாள் சின்னவள். "மூடித்தான் இருக்கு."

அந்த நாற்றம் அவருக்கும் எட்டாமலா இருந்திருக்கும்? அவர் தலையை ஆட்டினார். "சரி. படத்தைப் போடுங்க" என்றார். விளம்பரம் முடிந்து படம் வந்தது. துப்பறிவாளர் எழுந்து நடந்தார், நாற்காலிகள் நகர்ந்தன, யாரோ கண்ணாடிக் குவளையைக் கீழே போட்டு உடைத்தார்கள். யார் உடைத்தது என்று சின்னவள் சொல்லவில்லை, மாமனாரும் கேட்கவில்லை. யார் குற்றவாளி என்று அன்றைக்கு அவர் கண்டுபிடிக்கவும் முயலவில்லை.

பெரியவள் கிளம்பும்போது சின்னவள் படிக்கட்டுவரை பின்னாலேயே ஓடினாள். "அக்கா, அக்கா, மன்னிச்சிருங்கக்கா, எனக்குத் தெரியாதுக்கா" என்று கையைப் பிடித்தாள். பெரியவள் கையை உருவிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்து அன்றைக்குத்தான் சின்னவள் பார்த்தாள்.

"என்னைத் திருடின்னு நெனச்சே, போகட்டும். அவரை எல்லார் முன்னாடியும் அவுத்துப் போட்டுட்டியேடி! எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசிக்கிட்டதில்ல. துவைச்சதை உள்ள வைப்பேன், அவர் எடுத்துப் போட்டுக்குவார். முக்கியமா உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் அவர் அங்க ஒளிச்சு வச்சார். உன் முன்னாடி அவர் ராஜா மாதிரி உட்கார்ந்து படம் பார்க்கிறவராச்சே."

அதற்குமேல் அவள் நிற்கவில்லை. சின்னவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாடி வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு இறங்கி வந்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லைங்க" என்று ஒதுங்கி வழிவிட்டாள்.

மறுநாள் மாமனார் குளிக்கும் நேரத்தில் அலமாரி இழுப்பறைகளை முழுசாக வெளியே உருவிப் பார்த்தாள். மேல் இழுப்பறைக்குப் பின்னால் சரிந்து, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே கடிகாரம் மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துத் துடைத்து அவர் கையில் வைத்தாள். "பின்னாடி விழுந்து கிடந்துச்சு மாமா." அவர் சாவி கொடுத்துக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுது" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால், கையிலிருந்ததை விட்டெறிந்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை தொடர்ந்தது. அவள் எழுதிக் கொண்டுபோன தாள்களில் கத்தரிக்கு வெட்ட எதுவும் கிடைக்கவில்லை. "என்னம்மா, திருந்திட்டீங்களா?" என்று அவர் சிரித்தார். அவள் அடுத்த தாளைத் திருப்பினாள். வீட்டில் மாமனார் படம் போடச் சொல்வதை விட்டுவிட்டார். வானொலியில் செய்தி கேட்டார். பெரியவள் வழக்கம்போல வந்து போனாள், ஆனால் அந்தப் பையைக் கொண்டுவருவதில்லை. கீழ் இழுப்பறை காலியாக இருந்தது. அதைத் திறந்து பார்த்த சின்னவளுக்கு அவமானம் இன்னும் கூடியது. இனி அவர் எங்கே ஒளித்து வைப்பார்?

அதற்கு விடை ஒரு காலையில் தெரிந்தது. குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு பாதி திறந்திருந்தது. மாமனார் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வாளிமேல் குனிந்து, பைஜாமாவைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கறை ஒரு பக்கம் இருந்தது, அவர் தேய்த்துக்கொண்டிருந்தது வேறு பக்கம். அவள் சத்தமில்லாமல் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"சின்னவதானே?" என்றார் அவர். "உன் காலடி எனக்குத் தெரியாதா? வா இங்க."

அவள் வந்து நின்றாள்.

அவர் துணியைப் பிழிந்து, உதறி, இரண்டு கைகளாலும் அவள் பக்கம் விரித்துப் பிடித்தார். பயணிகள் நீட்டும் டிக்கெட்டை ஒரு காலத்தில் வாங்கிப் பார்த்த கைகள் அவை.

"வெள்ளையா இருக்கா?"

வெள்ளையாக இருக்கிறது மாமா என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. சொல்லியிருந்தால் அவர் அதைக் கொடியில் காயப்போட்டிருப்பார், தெருவே பார்த்திருக்கும்.

"அன்னைக்குப் பை மூடியிருக்குன்னு சொன்ன மாதிரி சொல்லாதே" என்றார். "இருக்கிறதைச் சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இல்ல மாமா. இன்னும் இருக்கு."

"எங்க?"

"குடுங்க மாமா, நான் துவைக்கிறேன்."

"நீ தொடாதே. எங்கன்னு மட்டும் காட்டு."

அவள் ஈரத்தரையில் உட்கார்ந்தாள். அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துத் துணியின்மேல் நகர்த்திக் கறையின் நடுவில் வைத்தாள். அவர் அந்த இடத்தை விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டு சோப்பைத் தேடினார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவர் குனிந்து தேய்த்தார், அலசினார், மறுபடியும் விரித்துப் பிடித்தார்.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு மாமா" என்றாள் அவள்.